நாடி பார்த்த கை

ஜனவரி 3, வெள்ளி

பேரிங் கடையில் புது டைரி கொடுத்தார்கள். ரைஸ் மில்லில் முப்பத்து நான்கு வருடம் பிட்டராக இருந்து தினமும் லாக் புக் எழுதிய கை இது. ஓய்வு பெற்று மூன்று வருடமாக எழுத ஒன்றுமில்லாமல் அரித்துக்கொண்டு கிடந்தது. இனிமேல் இது நம் மிசினின் லாக் புக். முதல் பக்கத்தில் தெய்வசிகாமணி என்று கையெழுத்தும் போட்டாயிற்று.

மிசினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காங்கேயத்தில் மூடிப்போன ஒரு கல் பட்டறையில் துருப்பிடித்துக் கிடந்ததை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்த வட்டச் சட்டி. அடியில் மோட்டார். மோட்டார் தண்டில் ஒரு பக்கமாக ஓர் எடை. ஓடவிட்டால் சட்டி நடுங்கும். உள்ளே போட்ட கற்கள் ஓரத்தில் ஏறி நடுவில் சரிந்து ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும். அரிசி சலிக்கிற மிசினுக்கு இது சொந்தத் தம்பி. அண்ணனை முப்பத்து நான்கு வருடம் மேய்த்தவனுக்குத் தம்பி எம்மாத்திரம்! மூன்றே மாதத்தில் ஓட வைத்தேன். உருளும் பீப்பாய் மிசின் எந்தக் கல்லைப் போட்டாலும் கோலிக்குண்டாக்கிவிடும். நம் மிசின் கல்லின் உருவத்தில் கை வைக்காது, மேல்தோலை மட்டும் மினுக்கும்.

இன்று பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். அந்தப் பள்ளியில்தான் என் வீட்டுக்காரி சம்பூர்ணம் இருபத்திரண்டு வருடம் சத்துணவு சமைத்தாள். பத்தாம் வகுப்பில் அறுபத்து நான்கு பெண்கள். ஒவ்வொருத்தியும் தன் காட்டில், தன் வீட்டு வாசலில் ஒரு கல் பொறுக்கி வருவாளாம். அதை மினுக்கி, பிப்ரவரி 7 ஆண்டு விழாவில் அவரவர் கல்லை அவரவர் கையிலேயே கொடுக்க வேண்டுமாம். சம்பூர்ணத்தை மேடையில் ஏற்றிச் சால்வை போடுவார்களாம்.

"மிசினு ஓட்டறது நாந்தானுங் டீச்சர்" என்றேன்.

"தெரியுமுங்க. ஆனா கல்லு மாறிப் போயிரக் கூடாது பாருங்க. நூத்தி எம்பது புள்ளைங்கள்ல யாரு மொட்டை சாப்பிட மாட்டா, யாருக்கு ரெண்டாங் கரண்டி வேணும்னு மனப்பாடமா வெச்சிருந்தவங்க சம்பூர்ணம்மா. அவங்க கையில குடுத்தா மாறாதுன்னு தைரியம்" என்றார்.

மொட்டை என்று டீச்சர் சொன்னது முட்டையைத்தான். நெல்லைக்காரர், எங்கள் பேச்சைப் பேசிப் பார்த்து இப்படித்தான் மாட்டிக்கொள்வார். போகட்டும்.

டீச்சர் போன பிறகு, "மேடைக்கு அந்தக் கவரிங் தோட்டோடயா ஏறப் போற?" என்று கேட்டேன். மூன்று வருடமாகக் கவரிங்தான். தங்கம் போட்டால் காது புண்ணாகிறதாம். ஊரில் எல்லாருக்கும் கவரிங் போட்டால் புண்ணாகும். இவளுக்கு மட்டும் தலைகீழ்.

"தோட்டையா பாக்கப் போறாங்க, கல்லப் பாப்பாங்க, போங்க" என்றாள். குரலில் ஒரு துள்ளல். இருபத்திரண்டு வருடத்தில் சமையல்கட்டைத் தாண்டி அந்த மேடைப் பக்கம் போகாதவள்.

ஜனவரி 5, ஞாயிறு

கற்கள் வந்தன. வெள்ளைக்கல், பால்கல், கொஞ்சம் ரோஸ் நிறம், இரண்டு சந்திரகாந்தம். காங்கேயத்து மண்ணில் உழுதால் கல்தான் வரும், அதில் பாதி விலைக்கல் என்று நான் சொன்னால் மாப்பிள்ளை சிரிப்பார். அவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

சம்பூர்ணம் ஒரு கோடு போடாத நோட்டு எடுத்து, ஒவ்வொரு கல்லாகப் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து கீழே பெயர் எழுதினாள். பக்கத்துக்கு நான்கு கல். கல்லைத் திரும்பக் கொடுக்கும்போது பெயருக்கு நேரே டிக் போடுவாளாம். கத்தி முனையால் கீறிப் பார்த்தாள். எல்லாம் கெட்டிக் கல்தான், சட்டியில் போடலாம் என்றாள்.

பவதாரணி என்ற பெண்ணின் கல் இலை மாதிரி. ஒரு பக்கம் கூர் முனை. அவள் வீட்டில் கிணறு வெட்டும்போது தொண்ணூறு அடியில் வந்ததாம். "இந்த மொன மட்டும் தேஞ்சுரக் கூடாதுங்க" என்றாள் சம்பூர்ணம். நம் மிசின் முனையைத் தின்னாது என்று சொன்னேன். அதிக நாள் ஓட்டினால் எந்த மிசினும் தின்னும் என்பது எனக்கும் தெரியும். அதிக நாள் யார் ஓட்டப் போகிறார்கள்?

ஜனவரி 6, திங்கள்

காலை 7.10க்கு ஓட்டம் ஆரம்பம். முதல் கட்டம் 220 நம்பர் சாணைத்தூள். கறுப்பாக, கரகரவென்று இருக்கும். மூன்று நாள். பிறகு 500 நம்பர் மூன்று நாள், முன்பாலிஷ் இரண்டு நாள், பாலிஷ் இரண்டு நாள், கடைசியில் சோப்புத் தண்ணீர். பொங்கல் கழிந்ததும் கல் ரெடி.

சட்டி முக்கால்வாசிக்கு மேலே நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால் கல் குதித்து உடையும். அதனால் இடைவெளிக்குப் பீங்கான் மணிகள் போட்டேன். தண்ணீர் இரண்டு கரண்டிதான். அதிகம் ஊற்றினால் தூளெல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இதெல்லாம் புத்தகத்தில் எவன் வேண்டுமானாலும் படிப்பான். ஆனால் கல் சரியாகப் புரள்கிறதா என்று எப்படித் தெரியும்? கையை உள்ளே விட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை வலது கையை மணிக்கட்டு வரை விட்டு, கற்கள் விரல் இடுக்கில் ஏறி இறங்குவதை உணர்ந்து பார்ப்பேன். வைத்தியர் நாடி பார்ப்பது மாதிரி. மில்லில் சல்லடைக்கும் நான் இப்படித்தான் நாடி பார்ப்பேன். முதலாளியே ஆட்களைக் கூட்டி வந்து காட்டுவார்.

அந்தக் கை விரலில் இருக்கிற மோதிரமும் அவர் போட்டதுதான். நான் ஓய்வு பெற்ற அன்று மில் களத்தில், அத்தனை பேருக்கும் முன்னால், தன் கையாலேயே போட்டுவிட்டார். நடுவில் சந்திரகாந்தக் கல். கல் உடம்பில் பட வேண்டும் என்று அடிப்பக்கம் குழிவாகத் திறந்து வைத்துச் செய்த மோதிரம். எங்கள் மில்லில் எல்லாரையும் சால்வை போட்டுத்தான் அனுப்புவார்கள். மோதிரம் வாங்கியவன் நான் ஒருவன்தான். அன்றிலிருந்து கழற்றியதில்லை.

ஜனவரி 8, புதன்

சட்டி நன்றாக உருள்கிறது. கூழ் கொஞ்சம் இறுகியதும் ஓட்டம் மந்தமானது. எவ்வளவு தண்ணீர் என்று நான் யோசிப்பதற்குள் சம்பூர்ணம் எட்டிப் பார்த்து, "இட்டிலி மாவு பதத்துல இருக்கோணுமுங்க, இது வடை மாவாப் போச்சு" என்று உள்ளங்கைத் தண்ணீரைத் தெளித்தாள். ஓட்டம் சரியாகிவிட்டது. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மத்தியானம் ஒரு ஜோடி ரப்பர் உறையை என் முன்னால் வைத்தாள். "கைய உள்ள விடறப்ப இதப் போட்டுக்குங்களேன்" என்றாள்.

"ஏம்புள்ள, ஒற போட்டுக்கிட்டு எவனாச்சும் நாடி பாப்பானா?" என்றேன்.

உறையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். என் கைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். பாவம்.

ஜனவரி 9, வியாழன்

220 முடிந்தது. கற்களை வெளியே எடுத்துக் கழுவினோம். கழுவிய கறுப்புக் கூழை நான் வீட்டுச் சாக்கடையில் ஊற்றினேன். இது ஒரு சின்ன விஷயம், எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் லாக் புக் என்றால் உண்மை இருக்க வேண்டும். மாலைக்குள் கூழ் சிமெண்ட் மாதிரி இறுகி, குளித்த தண்ணீர் திரும்பி வந்துவிட்டது. உளி வைத்து உடைத்தேன், இரண்டு மணி நேரம். "வாளியில ஊத்தித் தெளிய வெச்சு, மண்ண அள்ளிக் குழியில கொட்டோணும்னு சொன்னனே" என்றாள். எப்போது சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை.

500 நம்பர் தூள் போட்டு ஓட்டம் தொடங்கியது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வாசலில் பானை பொங்கியது, பின்னால் மிசின் ஓடியது. மகள் ஓசூரிலிருந்து போன் செய்தபோது, "அப்பா, அதென்ன சத்தம்?" என்றாள். "உங்கம்மாவை மேடை ஏத்தற சத்தம்" என்றேன்.

காலையில் பாலிஷ் கட்டம். இதுதான் எமகண்டம். முந்தைய கட்டத்துக் கறுப்புத் தூளில் ஒரே ஒரு துகள் உள்ளே வந்துவிட்டாலும் போதும், அத்தனை கல்லிலும் கீறல் போட்டுவிடும். அதனால் சட்டி, மூடி, பீங்கான் மணி எல்லாவற்றையும் சோப்புப் போட்டு ஐந்து தண்ணீர் விட்டுக் கழுவினோம். சம்பூர்ணம் பிரஷ்களின் பிடியில் வேறு வேறு நிற ரிப்பன் கட்டியிருக்கிறாள், கட்டத்துக்கு ஒரு பிரஷ். இருபத்திரண்டு வருடம் நூற்றெண்பது குழந்தைக்குச் சோறு போட்டும் ஒரு கல் கடித்ததாகப் புகார் வராத கை அவளுடையது. அதை நான் எங்கும் சொல்லுவேன்.

நாடி பார்த்தேன். வெண்ணெய் மாதிரிப் புரள்கிறது.

ஜனவரி 16, வியாழன்

போச்சு.

காலையில் கற்களைக் கழுவித் துணியில் பரப்பினோம். ஈரத்தில் ஜொலித்தன. காய்ந்ததும் மங்கின. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் மயிரிழைக் கீறல்கள், கொசு வலை மாதிரி. அறுபத்து நான்கிலும்.

காரணம் எனக்குத் தெரியும். பாலிஷ் தூள் சரியில்லை. கடைக்காரனிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவன் அதே தூளில் மினுக்கிய கல்லைக் காட்டினான். அப்படியானால் நடுவில் கரண்ட் போய் வந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

"கரண்ட் போனா கல்லு கீறுமாங்க?" என்றாள் சம்பூர்ணம்.

கோபத்தில் நான் ஒன்று சொல்லிவிட்டேன். "நீ கழுவுன லட்சணம்" என்று. அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு போய் மறுபடியும் பீங்கான் மணிகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

திரும்ப 500லிருந்து தொடங்க வேண்டும். நாள் இருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

மிசினை முழுதாகச் சோதித்தேன். நான்கு ஸ்பிரிங்கும் ஒரே உயரம். எடைத் தகட்டின் போல்ட்டை இறுக்கினேன். பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தேன். மோட்டார் சூடு கை பொறுக்கும் அளவுதான். சட்டியின் ரப்பர் உள்பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஒரு வெடிப்பு இல்லை. இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கும் மிசின் இந்த ஜில்லாவில் வேறு இருந்தால் காட்டட்டும்.

சம்பூர்ணம் பள்ளிக்கூடச் சமையல்கட்டிலிருந்து அந்தக் காலத்தில் கொண்டுவந்த நீளத் துடுப்பைத் தேய்த்துக் கழுவி மிசின் பக்கத்தில் வைத்திருக்கிறாள். "கைக்குப் பதிலா இத விட்டுப் பாருங்க" என்றாள். சாம்பார் கிண்டுகிற துடுப்பு! சிரித்துவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

இரண்டாம் முறை பாலிஷ். இந்தத் தடவை குடிக்கிற தண்ணீரில் கழுவினோம். அழைப்பிதழ் வந்தது. 'மெருகேற்றிய கைகளுக்கு மரியாதை: திருமதி சம்பூர்ணம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். என் பெயர் இல்லை. பரவாயில்லை. மேடையில் இரண்டு பேர் நின்றால் நெருக்கடியாக இருக்கும்.

பேரிங் கடைக்குப் போகிற வழியில் ஏழு பேருக்கு அழைப்பிதழைக் காட்டினேன்.

ஜனவரி 24, வெள்ளி

மறுபடியும் அதே கீறல்.

சம்பூர்ணம் துணியின் முன்னால் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, இலைக்கல்லைப் பென்சில் கோட்டின் மேல் வைத்தாள். முனையில் ஒரு நெல்லளவு இடைவெளி. தேய்ந்திருக்கிறது.

"இன்னொரு வாட்டி தாங்குமுங்க. அதுக்கு மேல ஓட்டினம்னா எந்தக் கல்லு யாருதுன்னு அந்தப் புள்ளைங்களுக்கே தெரியாது" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆண்டு விழாவுக்குப் பதினான்கு நாள். ஒரு முழு ஓட்டத்துக்குத்தான் நேரமும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது.

"டீச்சர்கிட்ட முடியலைன்னு சொல்லிப்போடலாங்களா?" என்றாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் முடியவில்லை என்று இவள் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை. என்னால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ரசத்தோடு நிறுத்திக்கொண்டு தட்டிலேயே கை கழுவினேன். வெள்ளைப் பீங்கான் தட்டு. தண்ணீரின் அடியில் நாலைந்து கறுப்புப் பொடி படிந்தது. நான் குனிவதற்குள் சம்பூர்ணம் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரசத்தில் மிளகு சரியாக அரைபடவில்லை.

ஜனவரி 25, சனி

பவதாரணி என்ற அந்தப் பெண் சைக்கிளில் வந்தாள். ஒல்லி, இரட்டைச் சடை. "தாத்தா, எங்கல்லு ஆயிருச்சா?" என்றாள்.

"ஆயிட்டிருக்குது கண்ணு."

"எங்கப்பா தெனமும் கேக்கறாருங்க தாத்தா. தொண்ணூறு அடியில தண்ணி வரல, இந்தக் கல்லுதான் வந்துச்சு. மொன போயிராதுல்ல?"

"நான் இருக்கறப்ப எப்படிப் போகும்?" என்றேன். அவள் நம்பிப் போய்விட்டாள். நான் சட்டியைத் துடைத்துக்கொண்டே வெகு நேரம் நின்றேன். சட்டி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

மிளகு வெயிலில் மின்னாது.

ஜனவரி 27, திங்கள்

நேற்றைய வரிக்கு விளக்கம் எழுதிவிடுகிறேன். நேற்று நானே ஒரு வெள்ளைப் போசியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து, விரலைச் சோப்புப் போட்டு அலசிப் பார்த்தேன். அடியில் படிந்ததைச் சாய்த்துப் பார்த்தேன். மின்னியது. 220 நம்பர். மோதிரக் கல்லுக்கு அடியில் இருக்கிற குழியில் முதல் கட்டத்திலேயே புகுந்து, சோப்பும் அழுக்குமாக அப்பிக்கொண்டு, ஒவ்வொரு நாடிக்கும் ஒன்றிரண்டாக உதிர்ந்திருக்கிறது.

தேங்காய் எண்ணெய் விட்டேன், நூல் சுற்றினேன். விரல் தடித்துவிட்டது, கழலவில்லை. இன்று காலை, பேரிங் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கடைவீதியில் கனகசபை ஆசாரியிடம் போனேன். இவரிடம் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. சம்பூர்ணம்தான் வருவாள் போவாள்.

"வெட்டத்தானுங்க வேணும்" என்றார்.

"மொதலாளி போட்டதுங்க ஆசாரி, பாத்து" என்றேன்.

கத்தரியை உள்ளே கொடுத்து வெட்டி, விரித்து எடுத்து, காகிதத்தின் மேல் தட்டினார். கறுப்பு மண் ஒரு சிட்டிகை. இவ்வளவும் என் விரலில்! ஆசாரி மோதிரத்தின் உள்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அட, இது நம்ம பட்டறை வேலையாச்சுங்களே! சம்பூர்ணக்கா வந்து செஞ்ச மோதரம்."

"மொதலாளி குடுத்ததுங்க" என்றேன் மறுபடியும்.

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார். "அக்கா தோடு ரெண்டையும் இந்தப் பெஞ்சுல உக்காந்துதானுங்க கழட்டிக் குடுத்தாங்க. மில்லுல சால்வையோட அனுப்பறாங்களாமா, முப்பத்தி நாலு வருசம் ஒழச்ச மனுசன், மொகம் சுருங்கிப் போயிருமுன்னாங்க. மோதரத்த மொதலாளிகிட்டக் குடுத்து, அவரு கையால போடச் சொல்லோணும்னாங்க. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனாங்க. நாம் பாருங்க, ஒளறிப்புட்டேன்."

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆசாரி தண்ணீர் கொடுத்தார்.

மூன்று வருடமாக முதலாளி போட்ட மோதிரம் என்று ஊரெல்லாம் விரலை நீட்டிக் காட்டியிருக்கிறேன். அவளிடமே எத்தனை தடவை காட்டியிருப்பேன்! 'என்னோட வேலைக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு பாத்தியா' என்று கேட்டால், 'இல்லாமயா' என்பாள், கவரிங் தோட்டோடு. காது புண்ணாம். நானும் நம்பியிருக்கிறேன், மடையன்.

முதலில் வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது நெஞ்சு நிமிர்ந்துகொண்டது, என்னால் அதை அடக்க முடியவில்லை. முதலாளி நூறு பேருக்கு மோதிரம் போடலாம். இப்படி ஒருத்தி எத்தனை பேருக்கு வாய்ப்பாள்?

ஆசாரியிடம் ஒரு வேலை சொல்லிவிட்டு வந்தேன். மோதிரத்துக் கல்லை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

விரலைப் பார்த்ததும் சம்பூர்ணத்தின் முகம் வெளிறிவிட்டது. "மோதரம் எங்கீங்க?"

"போல்ட்டு மாட்டி வெரலு வீங்கிருச்சு. ஆசாரிகிட்ட வெட்டியெடுத்தேன். ஒட்டித் தர நாளாகுமாம்."

"ஆசாரி ஏதாச்சுஞ் சொன்னாருங்களா?"

"என்ன சொல்லுவாரு? வெரலு தடிச்சுப் போச்சுன்னாரு."

மஞ்சள் குழைத்து வந்து விரலில் பற்றுப் போட்டாள். வெகு நேரம் தேய்த்தாள். "அத்தன பேருக்கு முன்னால போட்ட மோதரம். கழட்டி வெய்யுங்கன்னு நான் எப்படிங்க சொல்லறது" என்றாள், விரலிடம் சொல்வது மாதிரி. எல்லாம் தெரிந்தேதான் உறை வைத்திருக்கிறாள், துடுப்பு வைத்திருக்கிறாள். 'நீ கழுவுன லட்சணம்' என்று நான் சொன்ன சொல்லையும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அன்னிக்கு நீ கழுவுனதுல ஒரு கொறையும் இல்ல புள்ள. நாஞ் சொன்னது தப்பு" என்றேன்.

மாலை 4.20க்கு மூன்றாம் ஓட்டம். கடைசி ஓட்டம். சட்டி, மூடி, மணி, எல்லாம் மறுபடி கழுவி, 500லிருந்து. நாடி பார்க்கத் துடுப்பு.

ஜனவரி 30, வியாழன்

500 முடிந்து முன்பாலிஷ். கழுவிய தண்ணீரை வாளியில் தெளிய வைத்து, மண்ணைக் குழியில் கொட்டினேன். சாக்கடைப் பக்கம் போகவில்லை. துடுப்பால் பார்த்தாலும் ஓட்டம் தெரிகிறது. பிடி வழியாக அதிர்வு கைக்கு வருகிறது. இதை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று எழுத நினைத்தேன். சொன்னாள்.

பிப்ரவரி 1, சனி

பாலிஷ் தொடக்கம். மூடி போடும் முன் நான் ஒரு காரியம் செய்தேன். அதை எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

இரண்டு பேரும் மாறி மாறி மிசின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அவள் அரிசி புடைத்தாள். நான் உபரி ஸ்பிரிங்குகளுக்கு எண்ணெய் தடவினேன். வெளியே யாரோ தைப்பூசத்துக்குக் காவடி கட்டுவதற்கு மூங்கில் கேட்டு வந்தார்கள். இன்னொரு நாள் வரச் சொன்னேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் சோப்புத் தண்ணீர் ஓட்டம் நான்கு மணி நேரம். பிறகு கழுவித் துணியில் பரப்பினாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். காய்கிற வரைக்கும் பார்க்கக் கூடாது என்று முடிவு.

"ஏனுங், வாங்க" என்றாள்.

வந்தேன். ஒரு கீறல் இல்லை! வெயிலில் சாய்த்தேன், கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் கல்லுக்குள் தெரிகிறது. வெள்ளைக்கல் ஒவ்வொன்றும் இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்தது மாதிரி. இலைக்கல் முனை நிற்கிறது. கோட்டில் வைத்தால் முன்பு போன அந்த நெல்லளவுதான், அதற்கு மேல் போகவில்லை. நான் சத்தமாகவே கத்திவிட்டேன். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் காட்டினேன்.

சம்பூர்ணம் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ஒண்ணு எச்சா இருக்குதுங்க. அறுபத்தஞ்சு."

"மணி ஏதாவது கலந்திருக்கும்" என்றேன்.

அவள் துணியிலிருந்து ஒரு சின்னச் சந்திரகாந்தக் கல்லை எடுத்தாள். மூன்று வருடத் தேய்மானம் போய், உள்ளே நீல வெளிச்சம் நகர்ந்தது. உள்ளங்கையில் வைத்து அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மோட்டாருக்கு ஒயர் சுற்றப் போய்விட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

ஆசாரி வேலையை முடித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஜெசிந்தா டீச்சரிடம் சின்னப் பெட்டியைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். பள்ளி கொடுத்ததாகப் பொய் சொல்ல மாட்டேன் என்றார்.

"பொய் வேண்டாமுங் டீச்சர். எடுத்து அவ கையில குடுங்க, போதும்" என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆண்டு விழா. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன், நடுவில்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். சம்பூர்ணம் மேடையில் நின்று கல்லை எடுத்துக் கொடுத்தாள். நோட்டைப் பார்த்து டிக் போட்டாளே தவிர, கல்லைக் கண்டுபிடிக்க ஒரு தடவைகூட நோட்டைப் பார்க்கவில்லை. பவதாரணி கல்லை வாங்கியதும் முனையைத்தான் முதலில் விரலால் தொட்டாள். பிறகு கூட்டத்தில் அவள் அப்பா பக்கம் தூக்கிக் காட்டினாள். அந்த ஆள் எழுந்து நின்று கை தட்டினார். நானும் எழுந்து நின்றேன், எனக்கு ஏன் என்று தெரியவில்லை.

கடைசியில் சால்வை. பிறகு டீச்சர் மைக்கில், "இது சம்பூர்ணம்மாவுக்கு" என்று மட்டும் சொல்லிப் பெட்டியைக் கொடுத்தார். திறந்தாள். ஒரு ஜோடி தங்கத் தோடு.

அத்தனை கூட்டத்திலும் அவள் கண் நேராக மூன்றாவது வரிசைக்கு வந்தது. நான் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தேன். பேரிங் தேய்ந்திருக்கிறது, சத்தம் வருகிறது, டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று தோட்டை மாட்டினாள்.

"பள்ளிக்கூடத்துல தங்கமெல்லாங் குடுக்கறாங்க பாருங்க" என்றாள்.

"குடுக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருசம்."

"இல்லாமயா" என்றாள்.

"காது புண்ணாயிருமே?"

"இந்தத் தங்கம் ஒண்ணும் பண்ணாதுங்க" என்றாள்.

பிப்ரவரி 8, சனி

மிசினுக்கு ஓய்வு. சட்டியைக் கழற்றிக் கழுவிக் கவிழ்த்தேன். ஸ்பிரிங் துடைத்தேன். பேரிங்குக்குக் கிரீஸ்.

நோட்டைப் பரணில் வைக்க எடுத்தபோது புரட்டினேன். அறுபத்து நான்கு பெயர், அறுபத்து நான்கு டிக். கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன முட்டை வடிவக் கோடு. கீழே அவள் எழுத்தில் 'தெய்வசிகாமணி'. முப்பத்தாறு வருடத்தில் அவள் என் பெயரை வாயால் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் சொல்ல மாட்டார்கள். எழுதியும் இன்றுதான் பார்க்கிறேன்.

பெயருக்கு நேரே டிக் இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். "ஏம்புள்ள, எல்லாருக்குங் குடுத்துட்ட, என்ற கல்லக் குடுக்கலியே?"

திரும்பாமல் குழம்பைக் கிண்டினாள். தோடு ஆடியது.

"அது எங்கிட்டயே இருக்கட்டுங்க" என்றாள்.